மமகாரமும் மண்வெட்டியும்

'நான்' என்னும் அகங்காரமும் 'எனது' என்னும் மமகாரமும் அற்ற இடத்திலேதான் ஆன்ம விடுதலை தொடங்கும் என்று சைவமும் வேதாந்தமும் ஒருமித்துப் போதித்து வந்திருக்கின்றன. ஆயினும், 'எனது' என்று சுட்டிக் காட்ட ஒரு சாண் மண்கூட இல்லாமல் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்துவிட்ட ஜன சமூகத்தின் முன் நின்று அதே உபதேசத்தைச் செய்வது தகுமா என்ற வினா, வீடு வாசலோடு பிறந்து அவற்றைத் துறந்து சென்ற நம் ஞானிகளுக்கு எழுந்திருக்க நியாயமில்லை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே ரயில் பாதையோரம் கிடக்கும் வட்டகொடையிலும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகிறவனின் கையில் முதன்முதலாக ஏறுகிற மண்வெட்டி அந்த வினாவைக் கேட்கிறது.

வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தமது நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்றே பெயரிட்டார். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் மிகப் பெரும்பாலோரின் பிரஜா உரிமை அடுத்த ஆண்டுச் சட்டத்தினால் பறிபோயிற்று என்பதை நினைத்தால், அத்தலைப்பு ஒரு தனிமனிதனை மட்டும் குறித்ததன்று என்பது விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தாயும் தகப்பனும் மகனும் மருமகளும் குடியிருந்தார்கள். கூரை தோட்டத்தின் கூரை, சுவர் தோட்டத்தின் சுவர். ஆனாலும் காற்றில் தகரம் பறக்காதிருக்கக் கல் ஏற்றி வைத்ததும், தரையைச் சாணமிட்டு மெழுகியதும், தீபாவளிக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியதும், பின்புறத்தில் குசினி ஒன்றை இழுத்துக் கட்டியதும் குடியிருந்தவர்களே. தமக்குரியதல்லாத ஒன்றைத் தமதைப் போலப் பேணுவதே பற்றின்மை என்றால், அவர்கள் கர்ம யோகிகளாக எப்போதோ தேறியிருக்க வேண்டும்! பலனில் பற்றின்றிக் கருமம் செய் என்ற கீதையின் உபதேசம், பலனைப் பெறத் தகுதியும் வாய்ப்பும் உள்ளவனை நோக்கிச் சொல்லப்பட்டது. பலன் வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது உழைப்பவனிடம் அதைச் சொல்வது தர்மோபதேசமாகாது, துரைமாருக்குச் செய்யும் ஊழியமாகவே முடியும்.

திருநாவுக்கரசர் உழவாரப் படையேந்திக் கோயில்தோறும் புல் செதுக்கினார். திருப்புகலூரில் பொன்னும் மணியும் அவர் செதுக்கிய மண்ணில் கிடந்தபோது, அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது பெரியபுராண வரலாறு. அந்தத் துறவின் மகிமை எறிய முடிந்ததில் இருக்கிறது. பொன் அவர் கைக்கு எட்டியது, அவர் வேண்டாமென்றார். எட்டாதவன் எதை எறிவான்?

ஏழு பேர்ச் நிலமும், அதில் 550 சதுர அடி வீடும் இப்போது சில குடும்பங்களுக்கு எட்டியிருக்கின்றன. இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் என்ற கணக்கு, தேவையின் முன் சிறிது. சாவியை வாங்கியதோடு வீடு முடிந்துவிடுவதில்லை என்பதைத் தென்மேல் பருவமழை முதல் ஆண்டிலேயே கற்பித்துவிடுகிறது. கூரைத் தகட்டில் ஆணி இறங்கிய துளைகளின் வழியே ஒழுக்கு, ஜன்னல் ஓரத்தில் கசிவு, பின்சுவரில் அடியிலிருந்து ஏறும் ஈரம். முதலிரண்டையும் மேசன் பாஸைக் கூப்பிடாமல் ஏணி போட்டு ஏறி அடைத்துவிடலாம். மூன்றாவதுதான் கடுமையானது, சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் வீட்டுக்குப் பின்னே மண்சுவர் நிற்கிறது, அதன் மேல் விழுந்த மழை உள்ளிறங்கி மண்ணைக் கனக்கச் செய்கிறது, போக வழியில்லாத நீர் அஸ்திவாரத்தின் அடியில் தேங்குகிறது. இதற்குப் பரிகாரம், நீர் வடிந்தோடக் கான் வெட்டுவது.

கான் வெட்டு மலையகத்தானுக்குப் புதிதன்று. தேயிலைச் சரிவுகளின் மேல்மண் அரித்துப் போகாமல் காத்தவை அவனுடைய பாட்டனும் தகப்பனும் வெட்டிய கான்களே; அன்றைய வேலைக்குச் செக்ரோல் என்னும் கணக்கேட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழுந்தது, குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டின் பின்னே அதே மண்வெட்டியால், அதே வாட்டத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அவன் வெட்டுகிற கானுக்கு எந்தக் கணக்கப்பிள்ளையும் பேர் போடுவதில்லை. ஆயினும் இருட்டும்வரை வெட்டுகிறான். இதை மமகாரம் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் உரித்தாகும் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேய தத்துவஞானி ஜான் லாக் வாதித்தார். அவர் நாட்டவர் அந்தச் சித்தாந்தத்தைக் கப்பலில் ஏற்றும்போது இலங்கைக்கு மட்டும் கொண்டுவர மறந்தார்கள் போலும்.

ஆனால் கான் வெட்டுகிறவனுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. அவன் தன் வீட்டிலிருந்து திருப்பிவிட்ட நீர் எங்கே போகும்? கீழ்வரிசை வீட்டின் பின்சுவருக்கு. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்ததை அறிந்த எவனும், சரிவில் நீரைத் தன் எல்லைக்கப்பால் தள்ளிவிட்டுக் கைகழுவ இயலாது. மதுரையில் வையை பெருகியபோது கரையை வீட்டுக்கொரு பங்காக அளந்து கொடுத்தான் பாண்டியன்; பிட்டு விற்ற வந்தியின் பங்கு அடைபடாவிட்டால், அடைத்தவர்களின் வீட்டிலும் வெள்ளம் புகும். அவளுக்காகக் கூலியாளாய் வந்து மண் சுமந்த பெருமான்மேல் விழுந்த பிரம்படி ஊரார் அனைவர் முதுகிலும் பட்டதென்று திருவிளையாடற் புராணம் கூறுவதை அற்புதமாகக் கொள்வோர் கொள்க. ஒரு பங்கின் உடைப்பு எல்லார்க்கும் உடைப்பு என்ற நடைமுறைச் செய்தியாகவே நான் அதைக் கொள்கிறேன். 'எனது' என்பதைத் துறக்கச் சொன்னவர்கள் விரும்பிய பக்குவம், 'எனது' என்பதைச் செவ்வையாகப் பேணப் புகுந்தவனுக்கு, அவனறியாமலே கைகூடத் தொடங்குகிறது.

மேல்வரிசையும் கீழ்வரிசையும் கூடி ஒரே கானாக வெட்டி ஓடை வரை இறக்குவதே இதற்கு வழி. அதற்கு வேண்டிய கைகளும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆனால் அந்த ஏழு பேர்ச்களுக்கும் ஓடைக்கும் நடுவே கிடப்பது தேயிலை. அதனூடே கான் போக வேண்டுமானால் மறுபடியும் தோட்டத்து ஆபீஸின் வாசலில் போய் நின்று உத்தரவு கேட்க வேண்டும்.