பொறுமையும் மௌனமும் ஒன்றா?

வீட்டுக் கதை வாசற்படி தாண்டக் கூடாது என்பது நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த புத்திமதி. கணவன் மனைவி பிணக்கோ, மாமியார் மருமகள் வருத்தமோ, சொல் கேளாத பிள்ளையோ, எதுவானாலும் நான்கு சுவருக்குள் இருக்கட்டும் என்றார்கள். குடும்ப மானத்தைக் காத்த நல்ல பாடம் அது. ஆனால், அந்தப் பாடத்தின் எல்லை எது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை இன்று நமக்கு ஏற்பட்டிருக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளைப் பார்க்கிறோம். வாப்பா வளைகுடா நாட்டில் இருக்கிறார். உம்மா தனியே பிள்ளைகளை வளர்க்கிறார். பள்ளிக்கூடம் போக மறுக்கும் பையன், கதவைச் சாத்திக் கொண்டு இரவெல்லாம் கைப்பேசியில் மூழ்கும் மகள், படுக்கையில் கிடக்கும் மாமியார், நாள் தவறி வரும் பணம். அத்தனையும் ஒருத்தியின் தலையில்! அங்கே வாப்பாவோ, ஓர் அறையில் பலரோடு தங்கிக் கொண்டு, தொலைபேசியில் கேட்டதை நினைத்து நினைத்து உறக்கமின்றிப் புரள்கிறார். மனநல மருத்துவரிடம் போகலாமென்றால், யாராவது பார்த்து விடுவார்களோ என்ற அச்சம்.

இத்தகைய பெற்றோர், வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாக மனநல ஆலோசகரிடம் பேசும் வசதி இன்று வந்திருக்கிறது. உம்மா ஊரிலிருந்தும், வாப்பா ஜித்தாவிலிருந்தும் ஒரே நேரத்தில் ஓர் ஆலோசகர் முன் அமர்ந்து பேச முடிகிறது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. துன்பம் வந்தால் தொழுது, துஆச் செய்து, பொறுத்துக் கொள்ள வேண்டியவன் அல்லவா முஃமின்? முன்பின் அறியாத ஒருவரிடம், பெற்ற பிள்ளையின் குறையையும் கட்டிய கணவனின் குறையையும் எடுத்துச் சொல்வது புறம் பேசுவதாகாதா? கேள்வி நியாயமானது. அதைப் பழமை என்று ஒதுக்கி விடலாகாது.

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் யஃகூப் நபி (அலை) அவர்களைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். பிள்ளைகளால் வந்த துயரத்தை அந்தத் தந்தையைப் போல் அனுபவித்தவர் யார்? அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள். தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள். உண்மைதான். ஆனால், சூரா யூசுஃபின் 86-வது வசனத்தோடு நின்று விடாமல் அடுத்த வசனத்தையும் ஓதிப் பாருங்கள். அல்லாஹ்விடம் முறையிட்ட அதே தந்தை, யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடிப் புறப்படுமாறும், இறையருளில் நம்பிக்கை இழந்து விட வேண்டாம் என்றும் மக்களுக்குக் கட்டளையிடுகிறார்கள்! கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்குக் கவலைப்பட்டவர்கள், கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்து விடவில்லை. அவர்களுடைய பொறுமைக்குள் தேடுதலும் அடங்கியிருந்தது.

அதே சூராவின் தொடக்கத்தில், மகன் கண்ட கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவர்களும் அவர்களே. எதை யாரிடம் சொல்லக் கூடாது என்பதையும் அறிந்திருந்தார்கள்.

இனி, புறம் பேசும் விஷயத்துக்கு வருவோம். குர்ஆனின் 58-வது அத்தியாயம் எதைக் கொண்டு தொடங்குகிறது? கணவர் தமக்கிழைத்த அநீதியைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வாதாடிய ஒரு பெண்மணியின் முறையீட்டை அல்லாஹ் கேட்டுக் கொண்டான் என்பதைக் கொண்டு! ஹின்து (ரலி) அவர்கள், தம் கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று நபியவர்களிடம் வந்து சொன்னார்கள். கணவரின் குறையைச் சொல்லி விட்டாயே என்று நபியவர்கள் கண்டிக்கவில்லை. அவருக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக் கொள்ள வழி சொன்னார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகிறார்கள். அநீதிக்கு ஆளானவர் முறையிடுவதும், தீமையை மாற்ற உதவி தேடுவதும், தீர்ப்புக் கேட்பதும் அவற்றில் அடங்கும்.

ஆகவே, பேச்சை அதன் நோக்கத்தைக் கொண்டே எடை போட வேண்டும். திண்ணையிலும் கல்யாண வீட்டிலும் மகனைப் பற்றிப் பேசித் தீர்க்கிறோமே, அதனால் மகன் திருந்தினானா? ஊருக்குத்தான் செய்தி கிடைத்தது. பரிகாரம் தெரிந்த ஒருவரிடம், பரிகாரம் வேண்டி, தேவையான அளவு சொல்வது வேறு; ஆற்றாமைக்குப் பேசுவது வேறு.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. என் பாரத்தை நானே சுமந்தால் அதைப் பொறுமை என்று சொல்லலாம். வெளியே யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்து, அந்தி சாய்ந்ததும் பாடம் எழுதாத எட்டு வயதுப் பிள்ளையின் முதுகில் இறக்கி வைத்தால், அதற்கு என்ன பெயர்? சுமப்பது நானல்ல, அந்தப் பிள்ளை. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் மௌனத்துக்கான விலையை அவர்கள் கொடுக்கத் தொடங்கிய பிறகு, உதவி தேடுவது நம் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க முடியாது. அது கடமையாகி விடுகிறது.

அப்படியானால் கண்ணை மூடிக் கொண்டு யாரிடமும் பேசி விடலாமா? கூடாது. இரகசியமும் அமானிதமே. பின்லாந்து நாட்டில் ஒரு மனநலச் சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகளைக் கணினி வழியே திருடியவன், 2020-ஆம் ஆண்டில் நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டான். அமெரிக்காவில், இணையவழி ஆலோசனை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று, வாடிக்கையாளரின் அந்தரங்க விவரங்களை விளம்பரத்துக்காகப் பிறருக்குக் கொடுத்தது என்று குற்றஞ்சாட்டிய அரசு வணிக ஆணையம், 2023-ஆம் ஆண்டில் 78 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் உரிமையை வழங்கியிருக்கிறது. என்றாலும், நாமும் விழிப்போடு இருக்க வேண்டாமா?

பேசுவதற்கு முன் ஆலோசகரின் படிப்பையும் தகுதியையும் விசாரியுங்கள். பேச்சு பதிவு செய்யப்படுகிறதா என்று கேளுங்கள். பெண்கள் பெண் ஆலோசகரைத் தேர்ந்து கொள்வது பேணுதலுக்கு ஏற்றது. பிறர் குற்றத்தைக் காட்டிலும் உங்கள் கோபம், உங்கள் அச்சம், உங்கள் உறக்கமின்மை ஆகியவற்றையே முதலில் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதை அவன் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற பேச்சு எழுந்தாலோ, வீட்டில் அடிதடி நடந்தாலோ, திரையின் முன் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனையையும் நெருங்கிய உறவினரையும் நாட வேண்டும். பணவசதி இல்லாதவர்களுக்கு, 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

எந்த ஆலோசகரும் தஹஜ்ஜுத் நேரத்துக் கண்ணீருக்கு ஈடாக மாட்டார். அந்தக் கண்ணீரைத் துடைத்துக் கொண்டு எழுந்தவர், விடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யஃகூப் நபியின் வரலாறு நமக்குக் கற்றுத் தருகிறது.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் இல்லங்களில் அமைதியையும், நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.