பயனர் பிழை

அரசு அலுவலகங்களுக்குள் கணினி வந்தபோது கூடவே ஒரு புது வேலையும் வந்தது. அதற்கு இடத்துக்கு இடம் வேறு பெயர்: டெக்னீஷியன், ஹெல்ப்டெஸ்க், சிஸ்டம் பார்க்கிற தம்பி. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பார், பாஸ்வேர்டு மாற்றித் தருவார், போனில் அழைப்பவரிடம் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. மென்பொருளில் ஒரு வரியை மாற்றும் அனுமதியும் கிடையாது. இப்படி எதுவுமே கையில் இல்லாத ஒருவருக்கு அறப்பொறுப்பு என்று ஏதாவது இருக்க முடியுமா?

இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு புகாரையும் முடிக்கும்போது டிக்கெட்டில் ஒரு காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும்: வன்பொருள், நெட்வொர்க், மென்பொருள், பயனர் பிழை. கடைசியில் இருப்பது தொழில்நுட்பக் குறிப்பு மாதிரித் தெரியும். ஆனால் அது ஒரு தீர்ப்பு. இயந்திரம் ஒன்று சொல்கிறது, மனிதர் வேறொன்று சொல்கிறார். மனிதர் சொன்னது தப்பு என்று எழுதியாகிவிட்டது. எந்த அதிகாரியும் பார்ப்பதற்கு முன்பே, படிநிலையின் கடைசியில் இருப்பவர் எழுதிய தீர்ப்பு அது.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. அரசுக்குச் சொந்தமான போஸ்ட் ஆபீஸ் 1999 முதல் தன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கிளைகளை நடத்தியவர்களில் பலர் கடையோடு சேர்த்துத் தபால் கவுன்டரும் வைத்திருந்தவர்கள். கணக்கு முடிக்கும்போது திரையில் பணம் துண்டு விழும். ஒப்பந்தப்படி அவர்கள்தான் ஈடுகட்ட வேண்டும் என்றது போஸ்ட் ஆபீஸ். பயந்துபோய் உதவி எண்ணுக்கு அழைத்தார்கள். இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான், வேறு யாரும் சொல்லவில்லையே என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகப் பலர் பிற்பாடு சாட்சி சொன்னார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை இழந்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-இல் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது.

போனை எடுத்தவர் பொய் சொன்னாரா? அவசியமில்லை. அவர் திரையில் அன்றைக்கு அந்த ஒரு அழைப்புதான் தெரிந்திருக்கும். ஆனால் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்ல, மற்ற எல்லாக் கிளைகளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னதுதான் அங்கே நடந்த தவறு. அதே நேரத்தில் மேல் அடுக்குகளில், அறியப்பட்ட பிழைகளின் பட்டியல் ஒன்று பராமரிக்கப்பட்டு வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் மூன்றாம் அடுக்கு ஆதரவுக் குழுவில் 2001 முதல் 2004 வரை வேலை பார்த்த ரிச்சர்ட் ரோல், கிளைக் கணக்குகளை வெளியிலிருந்தே மாற்ற முடியும் என்று 2015-இல் பிபிசியிடமும் பிறகு நீதிமன்றத்திலும் சொன்னார். கீழே இருந்தவரிடம் மனிதர்களின் குரல் வந்துசேர்ந்தது, மேலே இருந்தவரிடம் பிழையின் விவரம் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர் 2007-இல் எழுதிய நூலில் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பேசுகிறார்: ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்குத் தரவேண்டிய மதிப்பைக் குறைப்பதும் ஓர் அநீதிதான். கணினி விஷயத்தில் 'யார்' என்பது சாதி, பாலினம், வயது இவற்றோடு இன்னொன்றாகவும் ஆகிவிடுகிறது: கம்ப்யூட்டர் தெரியாதவர். அந்த முத்திரை விழுந்துவிட்டால் அவர் சொல்லும் எதுவும் சாட்சியாக நிற்காது.

நம் ஊர் ரேஷன் கடையிலும் இது நடக்கிறது. கைரேகை விழாத பாட்டியிடம் "கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்கிறோம். 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். மீதி 12-இல் அழுக்குக் கை எத்தனை, உழைத்துத் தேய்ந்த ரேகை எத்தனை, நெட்வொர்க் கோளாறு எத்தனை? பிரித்துச் சொல்லக்கூடிய முதல் ஆள், மிஷினைப் பார்க்க வரும் டெக்னீஷியன்தான். 'மிஷின் ஓகே' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், மீதிப் பழியெல்லாம் பாட்டியின் விரல்மேல் விழும்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. கல்லூரி முடித்து நான் சேர்ந்த முதல் வேலை, ஓர் அரசுத் துறைக்கான ஆதரவு ஒப்பந்தத்தில். ஒரு நாளில் எத்தனை டிக்கெட் முடித்தாய், எத்தனை நிமிடத்தில் முடித்தாய், இதுதான் மதிப்பெண். சம்பளம் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போய்விடும். அப்படி ஓடுகிறவன் தலையில் நீதியையும் ஏற்றி வைப்பது அநியாயம் இல்லையா?

பழி வேறு, பொறுப்பு வேறு. ஹொரைசனில் பழி, தெரிந்தும் வழக்குப் போட்டவர்களுக்கு உரியது. அதைக் கீழே இறக்கக் கூடாது. ஆனால் பொறுப்பு என்பது, நம்மால் மட்டும் செய்ய முடிந்ததைச் செய்வது. என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன் எந்த டிக்கெட்டையும் மூடும் முன், அழைத்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தட்டி வைப்பார். "சேவ் பண்ணதும் அப்பா பேரு மறைஞ்சு போவுது." காரணம் எழுத மாட்டார். "நமக்குத் தெரியாதுல்ல தம்பி" என்பார். சில மாதம் கழித்து மேல் அடுக்குக் குழு தேடியபோது அதே வாக்கியம் நாலைந்து அலுவலகங்களின் பெயரில் கிடைத்தது. பிறகுதான் கோட்டைத் திறந்து பார்த்தார்கள். அவர் எதையும் சரி செய்யவில்லை. ஒரு சாட்சியை அழியாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இப்போது அப்படிப்பட்ட படிவங்களை வடிவமைக்கிற இடத்தில் நான் இருக்கிறேன். அண்ணனைப் போன்றவர்களின் நேர்மையை நம்பி ஓர் அமைப்பைக் கட்ட முடியாது. காரணப் பட்டியலில் 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு வரி சேர்க்கலாம், அதைத் தேர்ந்தெடுப்பவரின் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்டால் கூட்டத்தில் வரும் முதல் கேள்வி, "அப்புறம் எல்லாரும் அதையே போட்டுட்டா ரிப்போர்ட் எப்படிங்க க்ளீனா வரும்?" என்பது. வராது. ஹொரைசனின் அறிக்கைகள் எவ்வளவு சுத்தமாக இருந்திருந்தால் நீதிமன்றங்கள் இத்தனை வருடம் அவற்றை நம்பியிருக்கும் என்று யோசிக்கிறேன்.