கவளமும் கணக்கும்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் இன்று ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதுகின்றனர். உண்டது ஒரு பக்கம்; நடந்து கழித்தது மறுபக்கம். செலவு மிகுந்தால் எடை குறையும் என்பது மெய்யே. ஆயினும், மிகுதியாக உண்டு, பின்னர் நடந்து ஈடுசெய்துவிட்டால் நாவின் ஆசை குறைந்ததாகுமா? குறைத்து உண்போர் அனைவரும் நோன்பினர் ஆவரா? இவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கணக்கையே காண்போம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுப்பொருளிலும் புரதத்திலும் 4 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் இயல்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி. மூன்று தேக்கரண்டி நெய் அதனை விழுங்கிவிடும். கூட்டலும் கழித்தலும் கற்பித்தே காலம் கழித்த நமக்கு இதன் விடை எளிதில் விளங்குகிறது. நாவை விட்டுவிட்டுக் காலை மட்டும் வருத்துவதால் பெரும்பயன் விளைவதில்லை. (நடை இதயத்திற்கு நல்லது; அதனை எவரும் விடலாகாது.)

நம் ஆன்றோர் புறத்தவம் ஆறனுள் இரண்டாவதாக அவமோதரியத்தை வைத்தனர். ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறைவூண் எனக் கொண்டு, அதனிற் குறைத்து உண்பதே அது. இங்கும் எண் உண்டு, ஈடுகட்டல் இல்லை. உறக்கமும் சோம்பலும் நீங்கி, ஓதலும் தியானமும் தடையின்றி நடைபெறவே அவர்கள் குறைத்தனர். உடல் மெலிவை அவர்கள் நாடவில்லை.

உணவைக் குறைத்தால் உணவுப்பற்றும் தானே குறையும் என்று கருதுவோர் உளர். அவர்கள் ஓர் ஆய்வை அறிதல் நன்று. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு அதனை நடத்தினார். போரில் படைக்கலம் ஏந்த மனச்சான்று இடந்தராது என மறுத்தவர்கள் அவர்கள். நம் வணக்கத்திற்கு உரியவர்கள். போரினால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழியறியத் தம் உடலையே அளித்தனர். 24 வாரங்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவு. வாரந்தோறும் 22 மைல் நடை. எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மனமோ இரவும் பகலும் உணவையே சுற்றியது. சமையல் நூல்களைத் திரட்டி வைத்துப் படித்தோரும், தட்டை நக்கி வழித்தோரும் அவர்களுள் இருந்தனர். ஆய்வு முடிந்து வேண்டுமட்டும் உண்டபோதும் பலருக்குப் பசி அடங்கவில்லை. உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. உயர்ந்த நோக்கமுடையோரையே கடும்பசி இவ்வாறு ஆட்டியதெனில், அழகு கருதிப் பட்டினி கிடப்போர் நிலையை என்னென்பது!

நம் இல்லங்களில் திருமண நாளுக்குள் மெலிய விரும்பும் பெண், அட்டமி என்றும் சதுர்த்தசி என்றும் பெயரிட்டு உணவை விடுகிறாள். தாயார் அதனை நோன்பென்று பெருமையாகக் கூறுகின்றனர். பெண்ணுக்குச் சோகை வந்தால் அதனை எந்தத் தவத்தின் பயனாக எழுதுவது? அவளுக்கு எடை உண்மையிலேயே மிகுந்துள்ளதா என்று முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மிகுந்திருப்பின், நாளொன்றுக்கு 100 கலோரியை நடையாலும் 150 கலோரியை நெய், இனிப்பு ஆகியவற்றைக் குறைத்தும் கழித்தால் போதும். தொடக்கத்தில் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ குறையும். வேளை தவறாமல் பருப்பும் கீரையும் உண்டே இதனைச் செய்யலாம்.