கையில் கட்டியது யாருடைய மணி?



ஒவ்வொரு செமஸ்டரும் பி.டி.பி.டி.என். கடன் பணம் கணக்கில் ஏறுகிற வாரத்தில் நம் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்குத் தவறாமல் ஒரு கேள்வி வரும். "அண்ணா, நீங்க இன்ஜினியரிங் படிக்கிறீங்க. ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா, இல்ல சாதா வாட்ச் போதுமா?" பேட்டரி, விலை, மாடல் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளே ஒரு சமயக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம்.

நம் அப்பா, தாத்தா காலத்து சீக்கோ 5 போன்ற ஆட்டோமெட்டிக் வாட்சுக்கு பேட்டரியே கிடையாது. நாம் கை அசைக்கும்போது உள்ளே இருக்கும் ஓர் எடை சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. அந்த வில் மெல்ல அவிழும்போது மணிக்கு 21,600 துடிப்புகளாக நேரம் ஓடுகிறது. கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் நின்றுவிடும். அடுத்தது குவார்ட்ஸ் வாட்ச். அதில் ஒரு சின்ன படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு வினாடி. 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் கடையில் கிடைக்கிறது. மலிவான வாட்ச். ஒரு பேட்டரி ஏழு ஆண்டு வரும்.

ஸ்மார்ட்வாட்ச் என்பது கையில் கட்டிய ஒரு குட்டி கணினி. அடியில் பச்சை வெளிச்சம் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைகிறது, திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. அதை எண்ணித்தான் உங்கள் நாடித் துடிப்பைச் சொல்கிறது. காலடிகளை எண்ணுவதோ உங்கள் கை வீச்சை வைத்து. இத்தனை வேலை செய்வதால் பல மாடல்களுக்கு ஓரிரு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டே ஆகவேண்டும்.

இது வெறும் விளையாட்டுப் பொருள் என்று நான் சொல்லமாட்டேன். என் பெரியப்பாவுக்கு வயது 61. அக்கா வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச், துடிப்பு சீராக இல்லை என்று இரண்டு நாள் விடாமல் எச்சரித்தது. "காத்து புடிச்சிருக்கும்மா" என்று பெரியப்பா தட்டிக் கழிக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை, கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். இசிஜி எடுத்தபோது துடிப்பு உண்மையிலேயே ஒழுங்கில்லாமல்தான் இருந்தது. அந்தக் கோளாறைக் கவனிக்காமல் விட்டால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். இப்போது மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். அந்தக் கருவியை நான் எப்படிக் குறை சொல்வேன்? உடம்பு இறைவன் கொடுத்த கோவில் என்று நம்புகிறவர்கள், அந்தக் கோவிலைக் காக்க உதவும் கருவியை ஒதுக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் என்று சொல்லி சில ஸ்மார்ட்வாட்ச்களை விற்கிறார்கள். அப்படித் தானே அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அம்மா அப்பாவுக்கு இதை நம்பி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, சமயத்துக்கும் கடிகாரத்துக்கும் பகையா? இல்லவே இல்லை. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தவர்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம். கோவிலில் உஷத்காலம் தொடங்கி அர்த்தசாமம் வரை ஒவ்வொரு பூசைக்கும் ஒரு காலம் உண்டு. நாம் 'காலை 4.30-க்கு பிரம்ம முகூர்த்தம்' என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது சூரியன் 6 மணிவாக்கில் உதிக்கும் ஊர்க் கணக்கு. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிவதுதான் பிரம்ம முகூர்த்தம். தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததால், இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. 7.10-க்கு உதயம் என்றால் உங்கள் பிரம்ம முகூர்த்தம் 5.34 முதல் 6.22 வரை. உதய நேரத்தை உங்கள் ஊருக்கே கணக்குப் போட்டு ஸ்மார்ட்வாட்ச் காட்டும். நல்லதுதானே! "அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாது அண்ணா" என்று சொல்பவர்களுக்கு இனிமேல் சாக்குப்போக்கு கிடையாது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? நேரம் காட்டுவதில் சிக்கல் இல்லை, கூப்பிடுவதில்தான் இருக்கிறது.

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தில் அவருக்கு இரண்டு மணி தெரியும். ஒன்று, விடியுமுன்னே இருட்டில் அடிக்கும் பெரட்டு மணி. அது கேட்டால் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, காண்டா வாளியோடு களத்துக்கு ஓடவேண்டும். கிராணி பேர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. இன்னொன்று, சாயங்காலம் மாரியம்மன் கோவிலில் அடிக்கும் மணி. அது யாரையும் மிரட்டாது. போனால் விபூதி கிடைக்கும், போகாவிட்டால் ஆத்தா நாளைக்கும் அங்கேயே இருப்பாள். "ஒரு மணி வயித்துக்கு, ஒரு மணி மனசுக்கு" என்று பாட்டி சொல்வார்.

இப்போது உங்கள் கையைப் பாருங்கள். நாள் முழுக்க அதில் அதிர்கிற ஒவ்வொரு அறிவிப்பும் எந்த மணி? இணையக் கடையின் தள்ளுபடி, வீடியோ கேம், யாரோ யாருக்கோ போட்ட லைக், 37 பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் வந்த 'குட் மார்னிங்' படம். எல்லாமே நம்மை அவர்கள் களத்துக்கு வரச்சொல்லும் பெரட்டு மணிதான். பாட்டிக்கு அந்த மணியைக் கேட்காமல் இருக்க வழியில்லை, கேட்காவிட்டால் உலை கொதிக்காது. அந்த மணியிலிருந்து விடுபடட்டும் என்றுதான் நம்மைப் படிக்க வைத்தார்கள். விடுபட்ட நாம் காசு கொடுத்து இன்னொரு பெரட்டு மணியை வாங்கி மணிக்கட்டிலேயே கட்டிக்கொள்ளலாமா?

"போனும் அதிருதுதானே அண்ணா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சந்நிதிக்குப் போகலாம். வாட்ச் தோலோடு ஒட்டி உள்ளே வருகிறது. வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாட்டில் கவனித்துப் பாருங்கள். தீபாராதனை நேரத்தில் கை கூப்பினால் வாட்ச் நேராக முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அதே நொடியில் அது அதிர்ந்து திரை வெளிச்சம் போட்டால், கற்பூர ஒளியில் இருக்க வேண்டிய கண் எங்கே போகும்? பெரியவர்கள் பேசும்போது நாம் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தால், 'கிளம்பச் சொல்றான் போல' என்று அவர்கள் மனம் சுருங்குவதும் இப்படித்தான். நாம் பார்த்தது மணியை அல்ல, மெசேஜை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நம் மரபில் கையில் ஒன்றைக் கட்டுவது சின்ன விஷயம் கிடையாது. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும்போது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொள்கிறோம். அதன் மதிப்பு சில காசுதான் இருக்கும், மஞ்சள் நூலும் ஒரு மஞ்சள் துண்டும். ஆனால் கட்டிய நிமிடத்திலிருந்து நாம் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தவர்கள். அசைவம் தொடமாட்டோம், கோபப்பட மாட்டோம். கை தவறான இடத்துக்குப் போனால் அந்த நூல் கண்ணில் பட்டு நிறுத்தும். 'உன் கவனம் இனி முருகனுக்குச் சொந்தம்' என்று அது சத்தமே இல்லாமல் சொல்கிறது. அதே மணிக்கட்டில்தான் வாட்சும் இருக்கிறது. தினமும் காலையில் ஸ்ட்ராப்பை மாட்டும்போது யாருக்கு வாக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு வினாடி யோசித்தால் போதும்.

பத்துமலையில் பால்குடம் எடுத்து 272 படி ஏறியவர்களுக்கு இன்னொரு அனுபவமும் இருந்திருக்கலாம். இரண்டு கையும் தலைக்கு மேல் குடத்தைப் பிடித்திருக்கும். கை வீசாத நடையை எண்ணுவதில் வாட்ச் தடுமாறும். அன்று நடந்ததைவிடக் குறைவாகவே அது காட்டக்கூடும். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட்டில் நடந்தாலும் இதே கதைதான். பொறியியல் மாணவனாக இதற்கு விளக்கம் சொல்லிவிடுவேன். பக்தனாக எனக்கு இது ஒரு பாடம். வாழ்க்கையிலேயே மிகப் பெரிய நடையை நாம் நடக்கிற நாளில், அந்த நடை கணக்கில் வராமல் போகலாம். அதனால் அது குறைந்துவிட்டதா? கணக்கு வைத்திருப்பவன் மேலே குகைக்குள் இருக்கிறான்.

"நம்ம ஆளுங்களும் ஜெபமாலையில 108 எண்றாங்களே?" என்றும் கேட்கலாம். ஆமாம், எண்ணுகிறோம். ஆனால் மாலை எதற்கு? எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்ளட்டும், மனம் மந்திரத்தில் இருக்கட்டும் என்பதற்கு. 108 முடிந்ததும் மாலை நமக்குப் பதக்கம் கொடுப்பதில்லை, நண்பனின் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட்டுக் காட்டுவதுமில்லை.

மார்க்கண்டேயன் கதை உங்களுக்குத் தெரியும். பதினாறு வயதுதான் ஆயுள் என்று தெரிந்தே பிறந்த பிள்ளை. காலன் குறித்த நேரத்துக்கு வந்தான், ஒரு நாழிகைகூடப் பிந்தவில்லை. பாசக்கயிற்றை வீசியபோது மார்க்கண்டேயன் சிவலிங்கத்தை இரு கையாலும் தழுவியிருந்தான். கயிறு இலிங்கத்தின்மேலும் விழ, ஈசன் வெளிப்பட்டுக் காலனை உதைத்துக் காலகாலன் ஆனான். அட்ட வீரட்டானங்களில் ஒன்றான திருக்கடையூரில் இன்றும் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள நம் ஊரிலிருந்துகூடப் போகிறார்கள். அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இருக்கிற நிமிடத்தில் அவன் கை சரியான இடத்தில் இருந்தது. காலத்தை வெல்வது என்றால் எனக்குப் புரிந்த அளவில் அதுதான்.

இனி கேட்ட கேள்விக்கு நேரான பதில். இதயக் கோளாறு உள்ளவர்கள், தனியாக இருக்கும் வயதானவர்கள், ஒழுங்காக ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் ஆகியோருக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்குவது வீண் இல்லை. வீட்டில் பணம் இருந்தால் முதலில் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். ஆரோக்கியமான மாணவனுக்கு, அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கல்விக் கடனில், ஆயிரம் வெள்ளி வாட்ச் தேவையில்லை. தேர்வு மண்டபத்தில் பெரும்பாலும் அதைக் கழற்றித்தான் வைக்கச் சொல்வார்கள். நூறு வெள்ளிக்குள் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் பட்டம் வாங்கும்வரை உழைக்கும். தாத்தாவின் பழைய வாட்ச் அலமாரியில் கிடந்தால் இன்னும் நல்லது, சர்வீஸ் செய்து கட்டுங்கள்.

ஏற்கெனவே ஸ்மார்ட்வாட்ச் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதைப் பெரட்டு மணியாக இல்லாமல் கோவில் மணியாக மாற்றலாம். இன்றே அமைப்புக்குள் போய், அம்மா அப்பாவின் அழைப்பும் உடல்நல எச்சரிக்கையும் தவிர மற்ற அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். விடியலில் ஒன்று, அந்தியில் ஒன்று என இரண்டே இரண்டு நினைவூட்டல் வையுங்கள். அது அதிரும்போது இருந்த இடத்திலேயே கண்மூடி ஐந்தெழுத்தைப் பதினொரு முறை சொல்லுங்கள். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே வாட்சையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறும் கையோடு சந்நிதிக்குப் போங்கள். இந்த மூன்றையும் 48 நாள், ஒரு மண்டலம், விரதம்போல் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது எந்த வாட்சாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

நமக்குக் கிடைத்த நாழிகைகளை நல்லபடி செலவழிக்க எல்லாம் வல்ல காலகாலன் அருள் புரியட்டும்.

திருச்சிற்றம்பலம்.