எத்தீம் பிள்ளைகளும் நம் கணக்கும்

  

நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் எத்தீமாகவே இவ்வுலகில் உதித்தார்கள். தந்தையாரின் முகத்தை அவர்கள் கண்டதில்லை. ஆறாம் வயதில் அன்னை ஆமினா அவர்கள் மறைந்தார்கள். எட்டாம் வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களும் மறைந்தார்கள். அதன்பின் தந்தையாரின் உடன்பிறந்தார் அபூதாலிப் அவர்கள், தம் மக்களோடு ஒரு மகவாக வைத்து வளர்த்தார்கள். அது செல்வம் கொழித்த வீடன்று. ஆயினும் பிள்ளையின் பசியையும் தூக்கத்தையும் அறிந்த வீடு.

எத்தீமை விரட்டுகிறவனை, தீர்ப்பு நாளையே பொய்யாக்குகிறவன் என்று ‘அல்மாஊன்’ அத்தியாயம் அடையாளம் காட்டுகிறது. ‘அந்நிஸா’ அத்தியாயமோ நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு நன்றாக விளங்கும் விதத்தில் பேசுகிறது. எத்தீமின் பொருளை நம் பொருளோடு சேர்த்து விழுங்கலாகாது. தக்க பருவம் வந்ததும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது சாட்சிகளையும் வைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. இரக்கத்தோடு கணக்கையும் அல்லாஹுத்தஆலா கடமையாக்கியிருக்கிறான் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இரக்கத்தில் நாம் குறைந்தவர்கள் அல்லர். சாலாக் செலாத்தானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள், அநாதை இல்லத்தின் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ரமலான் வந்தால் சட்டி சட்டியாகப் பிரியாணி போகிறது. ஆனால் ஒன்று கேட்கிறோம். பத்து மூட்டை வெங்காயம் வந்து இறங்கினால், மூட்டையைப் பிரித்து அடியிலே கைவிட்டுப் பார்க்காமல் நாம் காசு கொடுப்பதுண்டா? அல்லாஹ்வின் பெயரால் கொடுக்கும் காசுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

யாரும் உள்ளே போய்ப் பார்க்காத இடங்களில் என்ன நேரும் என்பதை நம் காலமே நமக்குக் காட்டிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. நம்மில் பலருடைய பூர்வீகச் சீமையல்லவா அது!

இங்கே நம் பக்கத்திலேயே, 2011 மே 21ஆம் நாள், உலு லங்காட்டில் ஓர் எத்தீம் இல்லத்தின்மேல் மண் சரிந்து 16 பேர் மாண்டனர், பெரும்பாலோர் சிறுவர்கள். 2017 செப்டம்பர் 14ஆம் நாள் அதிகாலையில், கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளைகள் தங்கிப் படித்த மதரஸாவில் தீ மூண்டது. அது எத்தீம் இல்லமன்று. ஆனால் அங்கேயும் பிள்ளைகள் பிறர் பொறுப்பில் உறங்கினார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழியை நெருப்பு மறித்துக்கொண்டது. மாணவரும் ஆசிரியருமாக 23 பேர் ஷஹீதானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீசார் மீட்டார்கள். அவர்களில் பலருக்குத் தாய் தந்தையர் உயிரோடிருப்பது பிறகு தெரியவந்தது. பிள்ளைகளைக் காட்டி நன்கொடை திரட்டப்பட்டதாகவும் போலீசார் கூறினர். அந்த நன்கொடையில் நம் கல்லாப்பெட்டிக் காசு இல்லையென்று எவரால் சத்தியம் செய்ய முடியும்?

சகோதரர்களே! இதைச் சொல்வது கொடுக்கும் கையைத் தடுப்பதற்கன்று. உண்மையாக உழைக்கும் இல்லங்களும் நம்மிடையே உண்டு. இரவெல்லாம் கண்விழித்துப் பிள்ளைகளைப் பேணும் தாய்மார் அங்கே உண்டு. அவர்களுக்கு நம் கேள்விகளால் ஒரு குறைவும் வராது. சரியான எடைக்கல் வைத்திருப்பவன் சோதனைக்கு அஞ்சுவானா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான். நோன்பு மாதத்தில் மட்டுமன்றி, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையிலும் அந்த வாசலில் போய் நில்லுங்கள். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்த சான்றிதழைக் கேளுங்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக இறங்குவார்கள், அந்தக் கதவின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் காவல் என்று கேளுங்கள். அடிபட்ட பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும் என்றும் கேளுங்கள். சந்தேகம் எழுந்தால் அரசாங்கத்தின் 15999 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

எல்லாவற்றிற்கும் முன்னால், இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாளா என்று விசாரியுங்கள். வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையை இல்லத்தில் விடும் விதவைக்கு, அந்த வாடகையைக் கொடுப்பதல்லவா முதல் தருமம்? இல்லம் என்பது வேறு வழி இல்லாத பிள்ளைக்கே உரியது.

ஊனமுற்ற பிள்ளைகள் விஷயமும் அப்படியே. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. பகலில் அங்கே பயிற்சி. இரவில் தாயின் மடி. வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்துவைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியது. பின்னாளில் அவர்கள் மதீனாப் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்கள். அவர்களுக்கு அங்கே சோறு மட்டும் கிடைக்கவில்லை. வேலையும் மரியாதையும் கிடைத்தன.

எத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல நெருங்கியிருப்பார் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. பொறுப்பேற்பது என்பது ரசீது வாங்குவதோடு முடிவதன்று. வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும் நாம், இந்தப் பிள்ளைகளின் கணக்கையும் நாளை மறுமையில் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கு நேராக அமைய அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.