விரதமும் ஔஷதமும்





கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் தேவநாதனைச் சேவித்தவர்கள், எதிரேயுள்ள ஔஷதகிரியின் 74 படிகளையும் ஏறி ஹயக்ரீவனைச் சேவித்துச் செல்வது வழக்கம். ஆஞ்சநேயன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையின் ஒரு துணுக்கு அங்கு விழுந்ததென்பர் பெரியோர். மலைக்கே மருந்தின் பெயர் வழங்கும் அந்த க்ஷேத்ரத்தை ஆண்டுதோறும் சேவித்தும், மருந்தை விரதத்திற்குப் பகையாக எண்ணிய குடும்பம் அடியேனுடையது.

அடியேனுடைய திருத்தகப்பனாருக்கு வயது எண்பது. ஆயுள் முழுவதும் ப்ரபந்த கோஷ்டியில் ஸேவித்தவர். ஒரு ஸமயம் அப்படிகளில் பாதி ஏறியதும் அமர்ந்துவிட்டார். நெஞ்சினுள் புறா சிறகடிப்பதுபோல் இருக்கிறதென்றார். சார்ங்கதர ஸம்ஹிதையில் நாடியின் நடைக்குப் பாம்பு, தவளை, அன்னம் முதலியவை உவமை கூறப்பட்டிருப்பதைப் பாடசாலையில் கேட்டிருந்த அடியேன், அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பிராணியின் நடையும் அதில் இல்லை. இரண்டு துடிப்பு நெருங்கி வந்தது, ஒன்று தவறியது, மறுபடி ஓட்டம்.

ஈ.ஸி.ஜி. எடுத்த வைத்தியர் விளக்கினார். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிஷத்திற்கு 350 தடவைக்கு மேலும் படபடக்கின்றன. இடது மேலறையில் ஒரு சிறு பை உண்டு. அதில் இரத்தம் தேங்கி உறையும். அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்ஷவாதம். இந்நோயுள்ளவர்க்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே இரத்தம் உறையாதிருக்க அபிக்ஸபான் என்னும் மாத்திரை, காலையும் மாலையும். ஸந்த்யாவந்தனம்போல் தவறக்கூடாதென்று அவரே உபமானம் சொன்னார்.

தகப்பனார் ஸந்த்யாவந்தனத்தைத் தவறவிடவில்லை. மாத்திரையை மட்டும் ஏகாதசிதோறும் விட்டார். ஜலமும் பருகாதவர் மாத்திரையை எப்படி விழுங்குவார்? வீட்டிலுள்ளோர் அறிந்திருந்தோம், அதை நிஷ்டை என்று மெச்சவும் மெச்சினோம். ஒரு த்வாதசி விடியலில், பாரணைக்கு முன், அவருடைய வாய் ஒருபுறம் கோணியது, சொல் குழறியது. அழைத்துப்போனது தாமதமாகவில்லை. உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே எல்லை என்றார்கள். முன்நாள் விட்ட மாத்திரையே காரணமென்று வைத்தியர் அறுதியிடவில்லை. மாதத்தில் இரண்டு நாள் அரணில்லாமல் இருந்தீர்கள் என்று மட்டும் சொன்னார்.

அடியேனுக்கு வெட்கம் வந்தது அன்றிரவு. மஹாபாரதத்து உத்யோகபர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொல்லுமிடத்தில், விரதத்தைக் கெடுக்காதவை எட்டென்று கணக்கிடுகிறார்: ஜலம், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், பிராமணன் விரும்பிக் கேட்பது, ஆசார்யன் வார்த்தை, ஔஷதம். பன்னிரண்டு வயதில் நெட்டுருப்போட்ட ச்லோகம்! பொருள் சொல்லிப் பிறருக்கு உபந்யாஸமும் செய்திருக்கிறேன். தகப்பனாருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இந்நோயோடு நெடுநாள் நன்றாகவே வாழலாம், வாழ்பவர் பலர். நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். துடிப்பு ஒழுங்கற்றிருக்கையில் கால் நிமிஷக் கணக்கு பொய் சொல்லும். இரத்த அழுத்தத்தை அடக்கி வைக்க வேண்டும். முழங்கால் வலிக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவது இரத்தக்கசிவை வரவழைக்கும். இளமையில் வாதஜ்வரம் கண்டு வால்வு சுருங்கியவர்களுக்குப் புது மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரினே ஏற்றதென்பர். அவர்கள் கீரையை அறவே விடவேண்டியதில்லை, அளவு மாறாமல் உண்டால் போதும். நிர்ஜல உபவாஸம் எண்பது வயதிற்கு வேண்டுமா என்பதை வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்கலாம்; மாத்திரையை விடுவதற்கு மட்டும் எந்தத் திதியும் இடங்கொடாது.

தில்லைத் திருச்சித்ரகூடத்தைச் சேவித்துத் திரும்பும் வழியில் ஒருநாள் தகப்பனார் கேட்டார்: "இருதயம் தடுமாறினால் உள்ளிருப்பவன் என்ன செய்வான்?" சாந்தோக்யத்து தஹரவித்யையைச் சொன்னேன்: இருதய கமலத்தில் உறைபவன், சரீரம் மூத்தாலும் தான் மூப்பதில்லை. "அப்படியானால் அவன் குடியிருக்கும் வீட்டுக்கு நான் காவல்காரன்தானே" என்றார்.

இப்போது ஏகாதசியன்றும் திருவாராதனத் தீர்த்தத்தோடு மாத்திரை உட்கொள்கிறார். படி ஏறுவது நின்று நின்று. கோஷ்டியில் பழைய இடத்திலேயே அமர்கிறார். சில பாசுரங்களில் நடுவே சொல் நின்றுவிடுகிறது, பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொடுக்கிறார், அவர் தொடர்கிறார்.