புற்றும் குயவனும்

உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில், நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தகார்களம் என்று அதற்குப் பெயர். தண்ணீரில்லாத நிலத்தில் பிரம்பு வளர்ந்திருந்தால், அதற்கு மேற்கே மூன்று முழம் தள்ளி ஒன்றரை ஆள் ஆழத்தில் ஊற்று ஓடும் என்கிறார். நாவல் மரத்துக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் கரையான் புற்று இருந்தால், மரத்தின் தென்புறம் இரண்டு ஆள் ஆழத்தில் நல்ல தண்ணீர். (கைகளை உயர்த்தி நிற்பவனின் உயரம்தான் அவருக்கு ஓர் ஆள்.) இதை எடுத்துவைத்துப் பழம்பெருமை பேசுவோர் உண்டு, மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் உண்டு. இரு தரப்பும் தொடாத ஒரு கேள்வி இதில் இருக்கிறது. கண்ணில் படும் ஒன்றை வைத்துக் கண்ணில் படாத ஒன்றைச் சொல்லும் உரிமை நமக்கு எப்போது கிடைக்கிறது? புற்றைப் பார்த்து நீரைச் சொல்பவனும், உலகத்தைப் பார்த்துக் கடவுளைச் சொல்பவனும் ஒரே வழியில் போவதாகத்தான் தோன்றும். அப்படி இல்லை என்பது என் கட்சி.

கண்டதை வைத்துக் காணாததை அறியும் கருதல் அளவையே செல்லாது, நேரில் அறியும் காட்சி ஒன்றே போதும் என்றவர்கள் உலகாயதர். அவர்கள் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. நாவலும் புற்றும் சேர்ந்த இடத்திலெல்லாம் நீர் உண்டு என்கிறீர்களே, எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் பார்த்து வந்தவர் யார்? கருதலை ஏற்கும் நியாய மரபின் மூலநூலான நியாய சூத்திரமே இதையொத்த தடையைத் தானாக எழுப்பிக்கொள்கிறது. ஆறு பெருகியதைக் கண்டு மேலே மழை பெய்தது என்கிறோம். மணிமேகலையின் 27ஆம் காதையும் இவ்வகைக் கருதலை எச்சம் என்ற பெயரில் சொல்கிறது. ஆனால் ஓட்டத்தை எங்கேயாவது தடுத்தாலும் ஆறு பெருகுமே? எறும்பு முட்டை சுமந்து போனால் மழை என்கிறோம். வளை இடிந்தாலும் சுமந்து போகுமே? இதற்கு வரும் மறுமொழி நேர்த்தியானது. தடுத்துப் பெருகிய நீர் வேறு, மழைவெள்ளம் வேறு. வேகமும் நுரையும், அடித்து வரும் பழமும் இலையும் கட்டையும் சேர்ந்துதான் அடையாளம் என்று அந்தச் சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரை விரிக்கிறது. தப்பு கருதலில் இல்லை, அடையாளத்தை அரைகுறையாகப் பார்த்தவனிடம்தான்.

இது வசதியான சாக்கு அல்லவா? பலித்தால் முறைக்குப் புகழ், பொய்த்தால் ஆளுக்குப் பழி. முன்கூட்டியே சோதிக்க வழியில்லை என்றால் சாக்குதான். ஆனால் வராகமிகிரர் அப்படி விட்டுவிடவில்லை. பிரம்பின் மேற்கே தோண்டும்போது அரை ஆள் ஆழத்தில் வெளிறிய தவளை தென்படும், பிறகு மஞ்சள் மண், அதன்பின் அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறை, அதற்கும் கீழேதான் நீர் என்று வரிசை வைக்கிறார். நீரைத் தொடுமுன்பே மூன்று இடங்களில் தன் வாக்குப் பொய்யாகலாம் என்று அவரே கதவைத் திறந்து வைக்கிறார். உள்ளங்கைத் தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் நீரோட்டம் என்று சொல்பவரிடம் இல்லாதது இந்த வரிசைதான். அங்கே விடை உண்டு, வழி இல்லை. மூன்று முழக் கணக்கு எல்லா மண்ணுக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ஆனால் தொடர்பின் காரணத்தைத் தேடிப் போகலாம். நிலத்தடி நீர்மட்டம் வரை வேர்விடும் செடிகளை நீரின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, 1927இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்காக ஆஸ்கர் மைன்சர் எழுதிய அறிக்கை அதைத்தான் செய்தது. கரையானுக்கும் ஈரமில்லாமல் பிழைப்பில்லை. கிணறு தொடங்க நல்ல நட்சத்திரங்களையும், வருணனுக்குப் பலியிட்டு முளை அறைவதையும் அதே அத்தியாயம் சொல்கிறது என்பது உண்மை. அவை தோண்டுபவனின் பக்தி. அவற்றை எடுத்துவிட்டாலும் பிரம்புக்கும் ஊற்றுக்கும் உள்ள தொடர்பு குலையாது.

இதே புற்று இன்னொரு வழக்கிலும் சாட்சிக்கு வருகிறது. பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி பிரமாணவார்த்திகத்தில் ஈசுவரவாதிகளை மடக்குகிறார்: மண்ணாலான குடத்தைக் குயவன் செய்தான் என்பதற்காக மண்ணால் உருவானதையெல்லாம் குயவன் தலையில் கட்டினால், கரையான் புற்றையும் அவன்தான் செய்தான் என்று ஆகாதா? கிண்டல்போல் இருந்தாலும் அடி பலமானது. புற்றுக்கும் ஈரத்துக்கும் இருப்பது சார்பு. ஈரம் இல்லையேல் புற்று இல்லை. புற்றுக்கும் குடத்துக்கும் இருப்பதோ வெறும் ஒப்புமை, இரண்டும் மண் என்பதைத் தவிர வேறில்லை. உலகம் ஒரு காரியம், ஆகவே அதற்குக் கர்த்தா உண்டு என்று நியாய குசுமாஞ்சலியில் உதயணர் வாதிடுகிறார். தோன்றி அழியும் உலகிலிருந்தே சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரமும் புறப்படுகிறது. அடுப்பங்கரைத் தீயும் மலைத்தீயும் ஒன்றுபோல இராவிட்டாலும் புகையைக் கண்டு தீயைச் சொல்வதில்லையா, குயவனுக்குக் கையும் காலும் இருப்பதால் ஈசுவரனுக்கும் வேண்டுமா என்று அவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் மலையில் ஏறிப் பார்க்கலாம். உலகத்திலிருந்து கர்த்தாவை நோக்கித் தோண்டுபவனுக்கு அரை ஆள் ஆழத்தில் தென்படவேண்டிய தவளை எது? அந்த வாதம் அதைச் சொல்வதில்லை. சொல்லாததால் கடவுள் இல்லை என்று முடிந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிரம்பு முளைக்காத இடத்திலும் நீர் இருக்கலாம்.

அனுபூதி பெற்றவர்கள் தோண்டிக் குடித்துவிட்டார்கள், அவர்கள் சொல்வதே சான்று என்பது கடைசித் தடை. நான் மதிக்கும் தடையும் இதுதான். ஆனால் அங்கே சாட்சி சொல்வது கருதல் அல்ல, காட்சி. சிவஞான சித்தியார் வாயில், மானதம், தன்வேதனை, யோகம் என்று காட்சியை நான்காகப் பிரித்து, யோகியின் அறிவுக்குத் தனி இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில் நிற்பவருக்குக் குயவன் வாதம் எதற்கு? வேடிக்கை என்னவென்றால், குயவனை அடித்து வீழ்த்திய தர்மகீர்த்தியும் இதே நான்கு வகைக் காட்சியை ஏற்றவர். ஆகவே சைவருக்கும் பௌத்தருக்கும் மிஞ்சும் வழக்கு, மெய்யான யோகக் காட்சியை மனமயக்கத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதுதான்.